யாருக்கான கண்ணீர்?

மஜீத் மஜீதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997) ஈரானியப் படம். அண்ணனும் தங்கச்சியும் ஒரே ஜோடி ஷூவை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் ஓடுவாங்க. பார்த்தவர்கள் அழுதார்கள். அழட்டும். ஆனா ஒரு கேள்வி: ஊர்த்தெருவில் செருப்பைக் கழட்டிக் கையில் பிடித்து நடந்த சேரிக்காரனுக்காக இங்கே எத்தனை கண் கலங்கியது? அந்தப் பிள்ளைகளுக்கு வேறு ஷூ வாங்க வழியில்லை. நம்ம ஆளுக்குச் செருப்பு இருந்தும் போட விடவில்லை. விடாதவன் பக்கத்திலேயே உட்கார்ந்து படம் பார்க்கிறான். தூரத்துத் துயரம் பார்ப்பவனைக் குற்றவாளியாக்காது. அதனால் அழுவது சுலபம்.

'விகதகுமார'னில் நாயர் பெண்ணாக நடித்ததற்காகவே சாதிவெறியர்களால் விரட்டப்பட்டவர் பி.கே. ரோஸி. அவர் பெயரில் நீலம் பண்பாட்டு மையம் சென்னையில் திரைப்பட விழா நடத்தியிருக்கிறது. காட்டுமன்னார்கோயில் சேரிகளிலும் அப்படித் திரை கட்டுவோம். ஈரானும் கொரியாவும் வரட்டும். ஊர்க்காரனும் சேரிக்குள்ள வந்து நம்மோடு தரையில் உட்காரட்டும். அப்புறம் அவன் கண்ணீரை நம்பலாம்.