கான்

மூன்று மணிக்கே இடி. பதுளையில் ஒக்டோபர் பிறந்தால் இப்படித்தான். திரையில் ஒரு தேயிலைச் சரிவு. அதை நான்முகிகளாக நறுக்கிக்கொண்டிருக்கிறேன். மழையில் சரிவு நிற்குமா என்று கணினி பார்ப்பதற்கு முன் மலையை இப்படித் துண்டாக்கிக் கொடுத்துவிட வேண்டும். நிறுவைக்கு முன் கூடையில் முற்றல் இலை பொறுக்குவது மாதிரி வேலை. பொறுக்காவிட்டால்தான் பேச்சு விழும்.

*

நேற்று அரை நாள், நான்முகிகளின் மூலையில் ஒன்றாக ஒட்டாமல் போன இரண்டு கணுக்களைத் தேடினேன். இடைவெளி ஒரு மில்லிமீட்டர். திரையில் ஒரே புள்ளி. கணக்கு ஓடியதும் மலை அந்த இடத்தில் சத்தமில்லாமல் பிளந்தது. நிஜத்தில் அங்கே தேயிலைதான் நிற்கிறது.

*

சப்பை நான்முகிகள்தான் பொல்லாதவை. நான்கு மூலைகளும் ஏறக்குறைய ஒரே தளத்தில் கிடக்கும். ஆறு விளிம்பும் நல்ல நீளம், உள்ளே கனஅளவு இல்லை. கண்ணுக்குத் தப்பிவிடும். மூலைகளின் வரிசை புரண்டுபோனால் கனஅளவு கழித்தல் குறியோடு வரும், மென்பொருள் நின்றுவிடும். அது நல்ல பிழை. சொல்லிவிட்டு நிற்கிறதே.

*

பொடியாக நறுக்கினால் துல்லியம் கூடும். ஆனால் விளிம்பைப் பாதியாக்கினால் ஒரு துண்டு எட்டாகும். ஆகவே தளர்மண் பாறையைத் தொடும் இடத்தில் மட்டும் பொடி, கீழே பாறைக்குள் பெரிது.

சின்ன வடிவங்களைத் துடைத்துவிடுவது இந்தத் தொழிலின் வழக்கம். துடைத்தேன்: படிக்கட்டு, கல்லடுக்கு, மழைநீர் ஓடும் கான்.

அப்பா தோட்டத்தில் கான் வெட்டியவர். மழைக்கு முன் கானைத் துப்புரவாக்காவிட்டால் தண்ணீர் ஓடாது, இறங்கும் என்பார். இறங்கிய நீரின் அழுத்தம் ஏற ஏற மண்மணிகளுக்கிடையே பிடி தளர்கிறது. நான் அதைச் சமன்பாட்டில் படித்தேன். அவருடைய கான் ஒன்றரை அடி அகலம். என் நான்முகியின் விளிம்பு இரண்டு மீட்டர்.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்தையும் இந்த நான்முகி வலையில் வைக்கவில்லை. மலையின் எடைக்கு முன்னால் ஒரு லயம் கணக்கில் வராது.

*

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. அந்த இடத்தை விட்டு ஆட்களை அகற்றும்படி தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆபத்து தெரிந்தேதான் இருந்தது. மாற்று வீடுதான் இல்லை. என் வேலையைப் பற்றிப் பெருமை வரும்போதெல்லாம் இந்த இரண்டு ஆண்டுகளை நினைத்துக்கொள்கிறேன்.

*

கானைத் திரும்ப வைத்துவிட்டேன். பள்ளமாக அல்ல, நீர் உள்ளே புகும் கோடாக. அடைபட்ட கானுக்கு ஒரு கணக்கு, வெட்டிய கானுக்கு ஒரு கணக்கு. கோட்டையொட்டி வலையைப் பொடியாக்கியதில் நான்முகிகள் இரண்டு மடங்காகிவிட்டன. விடிய விடிய ஓடும்.