மௌனமும் மறைப்பும்

கைபேசி ஒப்பந்தத்தை உயர்நிலைத் திட்டத்துக்கு மாற்றும் வாடிக்கையாளர், பழைய திட்டத்தோடு இணைந்திருந்த தள்ளுபடியை இழக்க நேர்கையில், அதை முன்கூட்டிச் சொல்லாத நிறுவனம் வஞ்சித்ததாகுமா என்பது அறவியலின் பழைய வினா ஒன்றைப் புதுப்பிக்கிறது. பழைய கடப்பாட்டை அழித்துப் புதியதை அதன் இடத்தில் நிறுவுதலை ரோமானியச் சட்டம் 'நொவாசியோ' என்றது. பழைய சலுகைகளும் பழைய கடப்பாட்டுடனேயே முடிவடையும் என்பது சட்டத்தின் வாதம். அறத்தின் வாதம் வேறு. கி.மு. 44இல் கடமைகளைப் பற்றி எழுதிய ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ, பஞ்சத்தில் வாடிய ரோட்ஸ் தீவுக்குத் தானியம் கொண்டுவந்த வணிகன், பின்னால் வேறு கப்பல்கள் வருவதைச் சொல்லாதிருக்கலாமா என்று கேட்டு, சொல்லாமை வேறு, மறைத்தல் வேறு எனக் கருதிய மெய்யியலாளர் பாபிலோனிய டயோஜனீசையும், விற்பவர் அறிந்ததனைத்தையும் வாங்குபவரும் அறிய வேண்டும் என்ற அவர் மாணவர் ஆன்டிபேட்டரையும் எதிரெதிரே நிறுத்துகிறார். பிறர் அறிந்தால் பயன்பெறும் செய்தியைத் தன் ஆதாயத்துக்காக அவர் அறியாதபடி வைத்திருப்பதே மறைத்தல் என்பது சிசரோவின் முடிவு. அதன்படி, கையொப்பத்துக்கு முன் தள்ளுபடி இழப்பைச் சொல்லாமை வெறும் மௌனமன்று, வஞ்சனையே.