தாத்தாவின் காசும் சீட்டும்

புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பத்தில் பழைய வீட்டுப் பெட்டி ஒன்றைத் திறந்தால் என்னென்ன காசு கிடைக்கும் என்பதை ஊரின் வரலாற்றை வைத்தே ஓரளவு ஊகிக்கலாம். ஒரு பக்கம் அல்லிமலர்க் குறியும் மறுபக்கம் தமிழில் ‘புதுச்சேரி’ என்று வரி உடைத்துப் பொறித்த எழுத்தும் கொண்ட பிரெஞ்சுக் காலத்துச் செப்புத் துட்டு, சேவல் பொறித்த வெள்ளிப் பணம், ஆற்காடு ரூபாய், இந்தோசீன வங்கி வெளியிட்ட ரூபாய் நோட்டு. இவற்றைத் தேடிச் சேர்த்த தாத்தா போய்ச் சேர்ந்ததும் பேரப்பிள்ளைகளிடம் ஒரு கேள்வி வந்து நிற்கிறது. சாவி கைக்கு வந்துவிட்டது. ஆனால் பெட்டியில் இருப்பதை என்ன வேண்டுமானாலும் செய்யலாமா? எனக்குத் தெரிந்தவரை, செய்யக்கூடாது. விற்கலாம், கொடுக்கலாம், வைத்துக்கொள்ளலாம். அந்தக் காசுகள் எதற்குச் சாட்சியாக இருக்கின்றனவோ அதை மட்டும் அழிக்கும் உரிமை வாரிசுக்கு இல்லை.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சல்ல. இந்த மண்ணில் புழங்கிய இரண்டு சட்ட மரபுகளுமே இதன் பக்கம் சாய்கின்றன. இந்துச் சட்டத்தின் மிதாட்சர மரபில் முன்னோர் சொத்தில் மகனுக்குப் பிறக்கும்போதே பங்கு உண்டு. தந்தை இறந்த பிறகுதான் உரிமை வரும் என்ற வங்காளத்துத் தாயபாகத்துக்கு இது நேர் எதிர். சொத்தை வைத்திருப்பவன் அடுத்து வருகிறவனின் பங்கையும் சேர்த்தே வைத்திருக்கிறான் என்ற எண்ணம் இதற்குள் இருக்கிறது. புதுச்சேரிக்குக் கடல் கடந்து வந்த பிரெஞ்சு சிவில் சட்டமும் அனுபவ உரிமை என்ற ஒன்றை 578ஆம் பிரிவில் வகுக்கிறது. பிறருக்குச் சொந்தமானதைச் சொந்தக்காரனைப் போலவே அனுபவிக்கலாம், ஆனால் அதன் சாரத்தைக் காப்பாற்றியாக வேண்டும் என்பது அதன் கருத்து. 1881இல் தம் சாதி வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் போன தமிழரும், போகாமல் இருந்துவிட்ட தமிழரும் இந்த ஒரு விஷயத்தில் அவ்வளவு தூரத்தில் நிற்கவில்லை. நீதிமன்றத்தில் நாணயப் பெட்டிக்கு இந்த விதிகள் செல்லுமா என்பது என் வாதமல்ல. வைத்திருப்பது வேறு, முழுதாக ஆள்வது வேறு என்று இரண்டு மரபும் கண்டிருக்கின்றன. எனக்கு அது போதும்.

அப்படியானால் நாணயச் சேகரிப்பின் சாரம் எது? உலோகம் என்று சட்டென்று சொல்லிவிடத் தோன்றும். சைவ சித்தாந்தம் அறிவுக்கு வழியாகச் சொல்லும் காண்டல், கருதல், உரை என்ற மூன்று அளவைகளையும் ஒரு காசின் மேல் வைத்துப் பார்க்கலாம். ஆற்காடு ரூபாயைக் கையில் எடுத்தால் பாரசீக எழுத்தில் முகலாய மன்னன் பெயரும் ஆற்காட்டின் பெயரும் தெரிகின்றன. காண்டலை மட்டும் நம்பினால் அது ஆற்காட்டில் அடித்த காசு. ஆனால் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி 1736இல் அனுமதி கொடுத்தபின் பிரெஞ்சுக்காரர்களே அடித்த ரூபாய்களும் அவற்றில் உண்டு; ஓரத்தில் இருக்கும் சின்னஞ்சிறு பிறைதான் அதற்கு அடையாளம். தேய்மானத்தைப் பார்த்து எவ்வளவு காலம் கைமாறியது என்று கருதியும் அறியலாம். ஆனால் இதே காசு எந்த வீட்டிலிருந்து, எந்தக் காசுகளோடு சேர்ந்து, யார் கையால் வந்தது என்பதைக் காண்டலும் சொல்லாது, கருதலும் சொல்லாது. அதற்கு உரை வேண்டும். தாத்தா பழைய நாட்காட்டித் தாளைக் கிழித்துப் பென்சிலால் எழுதி உறைக்குள் செருகிய சீட்டுதான் அந்த உரை. சொன்னவர் போனபின் அதை மறுபடி உண்டாக்க எந்த ஆய்வகத்தாலும் ஆகாது.

இதற்கு ஆதாரம் தேடி வெகுதூரம் போக வேண்டாம்; அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு என்ற பழைய துறைமுகத்தின் அகழாய்விடம் இருக்கிறது. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அந்த ஊரின் காலத்தைக் கணித்தது தங்கத்தால் அல்ல, இத்தாலியின் அரெஸ்ஸோ வகைச் சிவப்பு மட்கல ஓடுகளால். ஓட்டுக்குச் சந்தையில் ஒரு காசு பெறாது. எந்த மண் அடுக்கில், எவற்றோடு கிடந்தது என்ற குறிப்பு இருந்ததால் அது தென்னிந்தியத் தொல்லியலுக்கே காலக்கணக்கு தந்தது. புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த புதையல் இன்னும் தெளிவான சாட்சி. 501 ரோமானியப் பொற்காசுகள். பத்தில் ஒன்பதுக்கு மேல் மன்னன் தலைமேல் உளியால் வெட்டு. நாணயவியலாளர் ஜார்ஜ் ஹில் அவற்றை ஒரே தொகுதியாக எடுத்து எழுதியதால், யாரோ வேண்டுமென்றே அந்த முகங்களைச் செல்லாக்காசாக்கியிருக்கிறார்கள் என்று யோசிக்க வழி பிறந்தது. ஆளுக்கொன்றாகப் பிரித்திருந்தால், வெட்டுப்பட்ட காசு ஒவ்வொன்றையும் யாரோ உரசிப் பார்த்த பழுது என்றுதான் நினைத்திருப்போம்.

எதிர்வாதங்களில் முதலாவது பூஜையறையிலிருந்து வரும். காசு லட்சுமி, அதைப் புளி போட்டுத் தேய்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து வணங்குவதைவிடப் பெரிய பராமரிப்பு உண்டா என்பார்கள். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி நல்லது. செப்புத் துட்டின் மேல் நூற்றாண்டுகளாகப் படிந்த பழுப்புப் படலத்தையோ புளியின் அமிலம் கரைத்துவிடும். அதோடு தேய்ந்திருக்கும் எழுத்தின் விளிம்பும் போகும். பளபளப்பு மிஞ்சும், ‘புதுச்சேரி’யில் பாதி மிஞ்சாது. வீராம்பட்டினம் பக்கத்துக் கடற்காற்றில் உப்பு வேறு இருக்கிறது; ஈரம் புகாத பெட்டியும் அமிலமில்லாத காகித உறையும் போதும். வழிபாட்டை நான் குறை சொல்லவில்லை. பூஜைக்கு ஒரு புதுக் காசு போதாதா என்றுதான் கேட்கிறேன்.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. துறவிகள் பக்கத்திலிருந்து வருவது. பட்டினத்தாருக்கு மகன் விட்டுப்போன பேழையில் காதற்ற ஊசிதான் இருந்தது என்பது கதை. அதுகூடக் கடைசியில் கூட வராது என்று புரிந்ததும் அவர் எல்லாவற்றையும் விட்டு வெளியேறினார். இப்படியிருக்க, செத்தவரின் செல்லாக்காசைப் பெட்டி பெட்டியாகக் காப்பது பற்றைத் தவிர வேறென்ன? குறளும் பயன்படாத செல்வத்தைப் பழிக்க ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறது. ஆனால் நிலையாமையிலிருந்து இவர்கள் எடுக்கும் முடிவு பாதிதான். ஒன்றும் கூட வராது என்றால், எல்லாம் இங்கேயே கிடக்கும் என்றுதானே அர்த்தம்? கிடப்பதை அடுத்து எடுப்பவர் யாரோ ஒருவர் இருக்கிறார். ‘என்னுடையது’ என்ற எண்ணம் கழன்றவன்தான் அவருக்காகச் சீட்டோடு சேர்த்து வைப்பான். பற்றுள்ளவன் தனக்குப் பிடித்த பளபளப்பைத் தேய்த்து எடுப்பான். பூட்டிவைத்து யாருக்கும் காட்டாத சேகரிப்பைக் குறள் பழித்தால், அந்தப் பழி நியாயமே.

மூன்றாவது வீட்டுக்குள்ளிருந்தே வரும். அண்ணன் தம்பி அக்காள் தங்கை நால்வருக்கும் சமபங்கு வேண்டாமா? மகளின் கல்யாணத்துக்கோ மருத்துவத்துக்கோ பணம் தேவைப்பட்டால் விற்கக் கூடாதா? சமபங்கைத் தடுக்க எனக்கு மனமில்லை, அதிலும் பெண் பிள்ளைகளின் பங்கை. பிரிப்பதற்கு முன்போ விற்பதற்கு முன்போ முழுத் தொகுதியையும் இரு பக்கமும் படமெடுத்து, எடையைக் குறித்து, சீட்டுகளைப் படியெடுத்து நால்வர் கையிலும் ஒரு பட்டியல் கொடுத்துவிட்டால் போதும். காசு பிரிந்தாலும் உரை பிரியாது. இதற்கு ஆகும் செலவு சில மாலைப் பொழுதுகள்.

சிக்கலான கட்டம் வேறு. சீட்டில் ‘அரிக்கமேட்டில் எடுத்தது’ என்று தாத்தாவே எழுதியிருந்தால்? அந்த இடம் இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. நூறாண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தாத்தாவின் பெயர் கெடாமலிருக்கச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுக் காசை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்ற ஆசை வரும். அதைப் பித்ருக்களுக்குச் செய்யும் மரியாதை என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அது ஒப்பவில்லை. அவர் மறைக்க நினைத்திருந்தால் எழுதியே இருக்க மாட்டார். எடுத்தது தவறாகவே இருந்தாலும், எங்கே எடுத்தோம் என்று எழுதி வைத்ததால் அந்தத் தவறில் பாதியை அவரே திருத்திவிட்டுப் போயிருக்கிறார். மீதிப் பாதிக்காகப் பேரப்பிள்ளை செய்யவேண்டியது, அந்தக் காசையும் சீட்டையும் ஒன்றாகவே தொல்லியல் துறை அலுவலகத்துக்கு எடுத்துப் போவது.