எழுநூற்று மூன்றும் எல்லாமும்

குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லம் என்றொரு ஊர். சீசனில் அருவிக்கு ஓடுகிறவர்கள் அதைக் கவனிப்பதில்லை. 1901-இல் எஸ். எஸ். பிள்ளை பிறந்தது அங்கேதான். எண் கணிதத்தில் ராமானுஜனுக்கு அடுத்துச் சொல்லவேண்டிய பெயர் அவருடையது என்பது என் கட்சி. கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தவர். பள்ளிப் படிப்பு முடியுமுன் தந்தையும் போய்விட, சாஸ்திரியார் என்ற ஆசிரியர் கைகொடுத்துத்தான் மேலே படித்தார்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1940-இல் அவர் நிறுவியது இது: எந்த முழு எண்ணையும் அதிகம் போனால் 73 ஆறாம் அடுக்குகளைக் கூட்டிப் பெற்றுவிடலாம். 1, 64, 729, 4096 என்று போகிறவை ஆறாம் அடுக்குகள். நூறு இலக்க எண்ணானாலும் 73-க்கு மேல் வேண்டாம். அந்த 73-ஐயும் முழுசாகக் கேட்கும் எண்ணோ வெறும் 703. அதற்கு 729 பெரிய நோட்டு, செல்லாது. 64-உம் 1-உம்தான் சில்லறை. பத்து 64 போட்டால் 640. மீதி 63-க்கும் ஒவ்வொன்றாக வைக்கவேண்டும். அடுத்த எண் 704-க்குப் பதினொரு 64 போதும். ஒன்று கூடியதும் 73 என்பது 11 ஆகிவிடுகிறது!

எண்ணுக்கு வலிக்காது, அதை மனிதரோடு பொருத்துவது அத்துமீறல்தான். ஆனாலும் ஒரு மார்க்கில் கல்லூரி இடம் தவறிய பையனைப் பார்க்கும்போது எனக்கு 703 நினைவுக்கு வருகிறது. அவனுக்கும் இடம் கிடைத்தவனுக்கும் அறிவில் என்ன பெரிய வித்தியாசம்? ஆனால் அவனைக் கரைசேர்க்க ஒரு குடும்பமே திரளவேண்டியிருக்கிறது.

பெரிய எண்களின் பாடு அவ்வளவு மோசமில்லை. எண் வளர வளர அதைக் கூட்டிச் சேர்க்கும் வழிகளும் பெருகுகின்றன. மூன்றாம் அடுக்குகளில் ஒன்பது கேட்பவை 23-உம் 239-உம் மட்டுமே. மற்ற எல்லாம் எட்டுக்குள் அடங்கும். அதனால்தான் கணிதத்தில் ‘போதிய அளவு பெரிய எண்களுக்கு இது உண்மை’ என்று எல்லை போட்டு நிரூபிக்கிறார்கள். ரஷ்யாவின் வினோகிராதவ் வகுத்த முறை அப்படிப்பட்டது. பிள்ளையும் அதைக் கையாண்டார். ஆனால் எல்லைக்குக் கீழே நிற்பவற்றையும் கணக்கில் சேர்த்த பிறகுதான் ‘எல்லா எண்களும்’ என்று எழுதினார்.

நாம் அந்தச் சொல்லை எவ்வளவு சுலபமாகச் சொல்கிறோம்! ‘எல்லாருக்கும் கிடைத்துவிட்டது’ என்போம். பந்தியில் கடைசி வரிசையை எட்டிப் பார்த்திருக்க மாட்டோம். பெரும்பாலோரைச் சொல்வதில் தவறில்லை, அதைப் பெரும்பாலோர் என்றே சொன்னால்.

1950 ஆகஸ்ட் 31-இல், ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில், கெய்ரோ அருகே விமான விபத்தில் பிள்ளை இறந்தார். வயது 49. நான்காம் அடுக்குகளின் கணக்கு அப்போதும் பாக்கி. 79-க்குப் பத்தொன்பது வேண்டும் என்பதைப் பள்ளிப் பிள்ளையே கூட்டிப் பார்த்துவிடலாம்: நாலு 16, பதினைந்து 1. எந்த எண்ணுக்கும் அதற்கு மேல் வேண்டாம் என்று நிறுவ 1986 ஆயிற்று. சென்னையின் ஆர். பாலசுப்பிரமணியனும் பிரெஞ்சுக்காரர் இருவரும் அதை முடித்தார்கள்.