மத்தியானம் திரும்பி வர ஓர் அறை

லியோனில் தங்க ஹோட்டல் தேடுகிறவர்களுக்கு முதல் கால் மணி நேரத்திலேயே ஒரு சந்தேகம் வந்துவிடும். அந்த ஊரில் எல்லா ஹோட்டலும் நகர மையத்தில்தான் இருக்கிறது. ரயில் நிலையத்துக்கு எதிரே இருப்பதும் மையம், ரோன் ஆற்றங்கரையில் இருப்பதும் மையம், மலையடிவாரத்துச் சந்துக்குள் ஒளிந்திருப்பதும் மையம். விளம்பரப் புளுகு என்று தள்ளிவிடலாம் என்றுதான் தோன்றும். வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், ஒருவரும் பொய் சொல்லவில்லை என்பது தெரியவரும். அந்த ஊரின் மையம் இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கிழக்கு நோக்கி நடந்துகொண்டே இருக்கிறது.

கி.மு. 43-இல் ரோமானியர்கள் லுக்துனும் என்ற பெயரில் ஊரை நிறுவியபோது அது ஃபூர்வியேர் குன்றின் மேல் இருந்தது. அவர்கள் கட்டிய அரங்கின் கற்படிகள் இன்னும் இருக்கின்றன; கோடையில் அங்கே உட்கார்ந்து கச்சேரி கேட்கிறார்கள். பின்னாளில் ஊர் குன்றிலிருந்து இறங்கி சோன் ஆற்றின் கரைக்கு வந்தது. 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் இத்தாலிய வங்கிக்காரர்களும் வணிகர்களும் வாழ்ந்த அந்தப் பகுதிதான் இன்று பழைய லியோன். பிறகு சோனைத் தாண்டி, இரண்டு ஆறுகளுக்கும் நடுவே நீளவாக்கில் கிடக்கும் பிரெஸ்கீல் பகுதிக்குப் போனது. வடக்கே தெரோ சதுக்கத்தில் நகர மாளிகை, தெற்கே பெல்கூர் சதுக்கத்தில் குதிரைமேல் பதினான்காம் லூயி.

20-ஆம் நூற்றாண்டில் ரோனையும் தாண்டியாயிற்று. குதிரைப்படை முகாம் இருந்த இடத்தில் திட்டம் போட்டே ஒரு புது மையத்தைக் கட்டினார்கள். அதுதான் பார்-தியூ. பிரெஸ்கீலில் கோர்தெலியே பக்கம் இருந்த உணவு அங்காடியை 1971-இல் அங்கே மாற்றினார்கள். சமையல் மேதை போல் பொகூஸின் பெயரைத் தாங்கி இன்றும் அது அங்கேதான் இருக்கிறது. 1972-இல் நூலகம், 1975-இல் பெரிய வணிக வளாகம், 1977-இல் ஊர்க்காரர்கள் பென்சில் என்று கூப்பிடும் கோபுரம், 1983-இல் அதிவேக ரயிலுக்கான நிலையம். பாரிசிலிருந்து இரண்டு மணி நேரத்தில் வந்து இறங்குகிற பெரும்பாலோர் முதலில் பார்க்கும் லியோன் இதுதான். கண்ணாடியும் கான்கிரீட்டும். இதற்காகவா வந்தோம் என்று தோன்றினால் ஆச்சரியமில்லை.

என் அண்ணன் மகள் பக்கத்து வில்லூர்பானில் படிக்கிறாள். "அத்தை, சென்டர்னா பார்-தியூதான். எல்லா பஸ்ஸும் ட்ராமும் அங்கதான் வருது. எதுக்கு பழைய கட்டடத்துல படியேறணும்?" என்றாள். அவளைப் பொறுத்தவரை அவள் சொன்னது சரி. படிப்பு, சாமான் வாங்குவது, சனிக்கிழமை சினிமா, விமான நிலையம் போகும் ரயில் எல்லாம் அவளுக்கு அந்த ஒரே இடத்தில் கூடுகின்றன. பாரிசில் லா கூர்நெவ்விலிருந்து ஆர்.இ.ஆர். பி ரயிலேறிக் கார் து நோர் வந்து, அங்கிருந்து லாச்சப்பலுக்கு நடக்கிற ஈழத்தமிழரைக் கேட்டுப் பாருங்கள். முருங்கைக்காயும் நகைக்கடையும் பிள்ளையார் கோயிலும் உள்ள அந்தத் தெருக்களைத்தான் அவர் பாரிசின் நடுவிடம் என்பார். பிரான்சின் சாலைத் தூரங்களையெல்லாம் அளக்கத் தொடங்கும் சுழியப் புள்ளி நோத்ர் தாம் பேராலயத்தின் முன்முற்றத்தில் பதித்திருக்கிறது. அதை மிதித்துப் பார்க்காமலே பல ஆண்டுகள் அங்கே குடும்பம் நடத்தியவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

வாழ்கிறவருக்கு நடுவிடம் எது என்பதை அவருடைய வேலையும் உறவும் சாப்பாடும் தீர்மானிக்கின்றன. நாலு நாள் தங்கிவிட்டுத் திரும்புகிற நம்மைப் போன்றவர்களுக்கு அந்த ஊரில் இவை மூன்றுமே இல்லை. ஆகவே பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை எடுத்து, எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு புள்ளி வைத்து, அங்கே அறை தேடுகிறோம். இந்த வழியில் எனக்கு நம்பிக்கை இல்லை. தேவாலயத்துக்கு ஐந்து நிமிடம், அருங்காட்சியகத்துக்கு எட்டு நிமிடம் என்று ஹோட்டல்காரர்கள் போடும் கணக்கு ஒரு முறைதான் பயன்படும். ஒரே தேவாலயத்துக்கு எத்தனை முறை போவோம்? திரும்பத் திரும்பப் போகும் இடம் ஒன்றே ஒன்றுதான். அது அந்த அறை.

பிரான்சில் இதை உறைக்க வைப்பது பிற்பகல். காலையில் ஊர் சுறுசுறுப்பாக இருக்கும். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுக் கடைகள் நிரம்பும். லியோனின் பெயர் பெற்ற பூஷோன்களில், அதாவது பன்றி இறைச்சியும் குடலும் மணக்கும் சிறிய உணவகங்களில், இரண்டு மணியளவில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். மறுபடி ஏழு மணிக்கு மேல்தான். (சைவக்காரர்கள் அந்தக் கடைகளின் பெயர்ப்பலகையைப் படித்து ரசித்துவிட்டு நகர்ந்துவிடுவது உத்தமம்.) நடுவில் பசித்தால் ரொட்டிக்கடை உண்டு, நாள் முழுக்கத் திறந்திருக்கும் பெரிய உணவகம் சில உண்டு, ஒரு காப்பியை வைத்துக்கொண்டு உட்காரக் கடை உண்டு. ஆனால் காலை நீட்டிப் படுக்க இடம் கிடையாது. கழிப்பறை தேடி அலைய வேண்டும். சர்க்கரை நோய்க்காரரோ மூட்டுவலிக்காரரோ கூட இருந்தால், மூன்று மணிக்கு மேல் அந்த அழகான நகரம் ஒரு தண்டனை.

ஜூன் மாதம் என்றால் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். சூரியன் மறைய ஒன்பதரை ஆகிவிடும். ரோன் கரையில் கார்கள் நிறுத்தி வைத்திருந்த இடத்தை 2007 வாக்கில் நடைபாதையாகவும் புல்வெளியாகவும் மாற்றியிருக்கிறார்கள். மாலை ஏழு மணிக்குத்தான் ஊரே அங்கே வந்து உட்காருகிறது. காலையிலிருந்து ஒரே மூச்சில் சுற்றியவர் அந்த நேரத்துக்கு அறைக்குப் போய்ச் சுருண்டுவிடுவார். ஊரின் நல்ல பொழுதைத் தூங்கிக் கழித்துவிட்டு, மறுநாள் மறுபடி வெயிலில் கிளம்புவார். இரண்டரைக்கு அறைக்கு வந்து, சன்னலின் மரக்கதவை இழுத்துச் சாத்திவிட்டு, ஒன்றரை மணி நேரம் படுத்து எழுந்தவருக்கு ஒரே நாளில் இரண்டு நாள் கிடைக்கிறது. மையத்தில் உள்ள ஹோட்டலுக்கு நாம் கொடுக்கும் கூடுதல் பணத்துக்கு இதைத் தவிர வேறு நல்ல நியாயம் எனக்குத் தெரியவில்லை. அப்படித் திரும்பி வரப் போவதில்லை, இரவு மட்டும்தான் படுக்க வருவேன் என்கிற இளைஞருக்கு மையம் தண்டச் செலவு. வில்லூர்பானில் தங்கட்டும்.

கணக்காகவே பார்க்கலாம். பார்-தியூவைவிட பெல்கூர் பக்கம் ஓர் இரவுக்கு 40 யூரோ கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். பார்-தியூவிலிருந்து பெல்கூருக்கு நேரடி மெட்ரோ இல்லை. பி வழியில் ஏறி, சாக்ஸ்-கம்பெத்தாவில் இறங்கி, டி வழிக்கு மாற வேண்டும். ஒரு பயணத்துக்கு ஆளுக்கு இரண்டு யூரோவுக்குச் சற்று மேல். மத்தியானம் திரும்புவதையும் சேர்த்தால் நாளுக்கு நாலு பயணம், இரண்டு பேருக்குப் பதினேழு யூரோ போல ஆகும். மீதமுள்ள இருபத்து மூன்று யூரோ ஒரு தூக்கத்தின் விலை. நடைமுறையில் நடப்பது வேறு: மாறி மாறி ஏற வேண்டியிருந்தால் யாரும் திரும்பி வரமாட்டார்கள். "இவ்வளவு தூரம் வந்தாச்சு, இன்னும் ஒண்ணு பாத்துட்டுப் போயிடலாம்" என்பார்கள். அந்த இன்னும் ஒன்றில்தான் கணவன் மனைவிக்குள் சண்டை தொடங்குகிறது.

சரி, மையம் என்றால் பழைய லியோனிலேயே தங்கிவிடலாமே? பார்வைக்கு அதைவிட அழகான இடம் அந்த ஊரில் இல்லை. அதன் நடுவே சாலை போட ஒரு காலத்தில் திட்டம் இருந்தது. ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்றார்கள். 1964-இல், பிரான்சிலேயே முதலாவதாக, அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. 1998-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஊரின் பழைய பகுதிகள் இடம் பெற்றன. இடிக்க நினைத்த வீட்டுக்குத்தான் இன்று கிராக்கி. ஆனால் அந்த வீடுகளில் திருகுக் கற்படிகள் இருக்கின்றன, பல இடங்களில் லிஃப்ட் வைக்க இடமில்லை. பெட்டிச் சக்கரம் உருளைக்கல் தெருவில் எழுப்பும் சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்கும். இரவு உணவகங்கள் மூடும்வரை சந்துகளில் பேச்சுக்குரல் ஓயாது. வீடுகளுக்குள் புகுந்து அடுத்த தெருவில் வெளிப்படும் திரபூல் வழிகளைக் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வருவதோடு சரி. ரசிக்க வேண்டிய இடம் வேறு, உறங்க வேண்டிய இடம் வேறு என்பது என் கட்சி.

எனவே பிரெஸ்கீல். அதிலும் எல்லா இடமும் ஒன்றில்லை. தெற்கே பெராஷ் ரயில் நிலையம் குறுக்கே கிடக்கிறது. அதன் வளைவுகளுக்குப் பின்னால் இருப்பதை ஊர்க்காரர்கள் நெடுங்காலம் ஊராகவே மதிக்கவில்லை. சிறைச்சாலைகள், மொத்தச் சந்தை, படகுத்துறை என்று கண்ணில் படக்கூடாதவற்றையெல்லாம் அங்கே தள்ளி வைத்திருந்தார்கள். 2009-இல் சிறைகள் காலியாயின, அந்த வளாகத்தில் இன்று பல்கலைக்கழகம் நடக்கிறது. நிலமுனையில், இரண்டு ஆறுகளும் கூடும் இடத்தில் 2014-இல் ஒரு பெரிய அருங்காட்சியகம் திறந்தார்கள். இப்போது அதுவும் மையமாம். நல்ல இடம்தான், சந்தேகமில்லை. ஆனால் அங்கிருந்து மத்தியானம் எழுந்து பெல்கூருக்கு வர ட்ராமையோ கால்களையோ நம்ப வேண்டும். வடக்கே தெரோ சதுக்கத்தில் நின்றால் நிலைமையே வேறு. ஜெபிக்கும் குன்று என்று லியோன்காரர்கள் சொல்லும் ஃபூர்வியேர் ஒரு பக்கம், உழைக்கும் குன்று என்று சொல்லும் குருவா-ரூஸ் இன்னொரு பக்கம். அந்தக் குன்றில்தான் பட்டு நெசவாளர்கள் ஜக்கார் தறிக்காக நாலு மீட்டர் உயரக் கூரை போட்ட வீடுகளில், தறிக்குப் பக்கத்திலேயே படுத்து எழுந்தார்கள். 1831-இலும் 1834-இலும் கூலிக்காகக் கிளர்ந்தார்கள். அவர்களுக்கு வீடும் வேலையும் ஒரே அறை. இன்று அதே உயரக் கூரையைக் காட்டி வாடகையை ஏற்றுகிறார்கள்.

நான் தங்கிய ஹோட்டலில் அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண்ணிடம் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டேன். வெனிசியூ என்றார். டி மெட்ரோவின் தென்கோடி அது. எனக்கு மத்தியானத் தூக்கம் கிடைக்க அவர் விடியலில் ரயிலேறியிருக்கிறார். இதைச் சொல்லி யாரையும் குற்ற உணர்வில் தள்ளும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் மையத்தில் இடம் என்பது ஒருவர் எடுத்துக்கொண்டால் இன்னொருவருக்குக் குறையும் பொருள் என்பதை மறந்துவிடக் கூடாது. வாடகை வீட்டை நாள் கணக்கில் பயணிகளுக்கு விட்டால் லாபம் அதிகம் என்பதால், பிரெஞ்சு நகரங்களின் நடுப்பகுதிகளில் குடித்தனங்கள் வெளியேறிக்கொண்டிருக்கின்றன. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டை ஆண்டுக்கு 120 நாளுக்கு மேல் பயணிகளுக்கு விடக்கூடாது என்பது அங்கே விதி. 2024-இல் வந்த சட்டம் அதை 90 நாளாகக் குறைக்க நகராட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்தது. ஹோட்டலாகவே கட்டிய கட்டடத்தில் தங்குவதால் எந்தக் குடும்பமும் வீட்டை இழப்பதில்லை. சமைக்க வேண்டும் என்றால் சமையல் மேடையோடு அறை தரும் ஹோட்டல்களும் இருக்கின்றன.

ஹோட்டலைத் தேர்ந்தெடுக்கும்போது நட்சத்திரங்களை எண்ணுவதற்கு முன் நான் தெருவைத்தான் பார்க்கிறேன். தொடக்கப் பள்ளி ஒன்று, மருந்துக்கடை, ரொட்டிக்கடை இவை நாலு கட்டடத்துக்குள் இருந்தால் அங்கே இன்னும் மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்று பொருள். அப்படிப்பட்ட தெருவில் ஞாயிற்றுக்கிழமையும் ரொட்டி கிடைக்கும், இரவில் ஓரளவு அடங்கும், மறுநாள் கடைக்காரர் முகம் பார்த்துப் பொன்ஜூர் சொல்வார். நினைவுப்பொருள் கடைகள் மட்டுமே உள்ள தெருவில் இவற்றில் ஒன்றும் நடக்காது.

லியோனுக்குப் போவதாக இருந்தால், அதிகாலை ரயில் பிடிக்கவோ, ஆன்சி, வியென் என்று தினம் ஒரு வெளியூர் போய்வரவோ போகிறீர்களா, பார்-தியூவிலேயே தங்கிவிடுங்கள். இல்லையென்றால் பெல்கூருக்கும் தெரோவுக்கும் நடுவே தேடுங்கள். பதிவு செய்யும் முன் மூன்று கேள்விகளை எழுதிக் கேளுங்கள்: லிஃப்ட் இருக்கிறதா, கோடையில் ஏசி உண்டா, தெருப் பக்கம் வேண்டாம், உள்முற்றத்தைப் பார்த்த அறை கிடைக்குமா. அவர்கள் முதல் மாடி என்று சொன்னால் தரைத்தளத்துக்கு மேலே ஒரு மாடி ஏற வேண்டும். காலைச் சிற்றுண்டிக்குப் பெரும்பாலும் தனிக் காசு, ஆளுக்கு இவ்வளவு என்று இரவுக்கு ஒரு நகராட்சி வரியும் சேரும். விலையை ஒப்பிடும்போது இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். பிரெஸ்கீலில் பல தெருக்கள் நடப்பவர்களுக்கு மட்டும் என்பதால் டாக்சி வாசல்வரை வராமல் போகலாம். பெட்டியைச் சிறியதாக எடுத்துப் போங்கள்.