மூலையில் சாத்திய துவக்கு

வன்னியிலே காட்டோரம் வயல் செய்பவனுக்கு இரவில் நித்திரை ஏது? பன்றிக் கூட்டமொன்று புகுந்தால் ஒரே இரவில் கதிரெல்லாம் மிதிபட்டுப் போகும். ஆகவே பயிரைக் காக்க அனுமதிப் பத்திரத்துடன் துவக்கு வைத்திருப்போர் உளர். அதை நாம் குறை கூறவில்லை. நாம் கேட்பது வேறு: துவக்குக்காரன் கோவிலில் பூசை காணும் வேளையில், அவன் வீட்டுத் துவக்கு எங்கே இருக்கிறது?

ஒரு வீட்டில் இதைக் கேட்டோம். “அலுமாரிக்குள் பூட்டித்தான் சுவாமி.” திறப்பு? “அது எனக்கும் மனிசிக்கும் மட்டுந்தான் தெரியும்.” முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த பத்து வயது மகன் திரும்பியும் பாராமல் சொன்னான்: “மாதா படத்துக்குப் பின்னால்.”

தகப்பன் சிரித்தார், பின் சிரிப்பு நின்றது.

கைதவறி நடந்ததற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி பழையது. யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தில், மூடாது விட்ட குழியில் மாடு விழுந்தால் குழிக்காரன் ஈடுசெய்ய வேண்டும். முட்டும் மாடென்று எச்சரிக்கப்பட்டும் கட்டிவையாதவனோ, அது ஒருவனைக் கொன்றால், கொலைப்பழிக்கே உள்ளாகிறான். அவன் கொல்ல நினைக்கவில்லை, ஆனால் அறிந்திருந்தான். கொல்லும் எண்ணமில்லாதவனும், எடுக்க வேண்டிய கவனத்தை எடாதிருந்தால் குற்றத்திலிருந்து முற்றாக நீங்கான் என்பதே புனித தோமஸ் அக்குவினாரின் முடிவும். துவக்கு முட்டும் மாடென்று எவனுக்குத் தெரியாது?

“பன்றி வந்து நிற்கையில் பூட்டைத் திறந்துகொண்டு நிற்பதா?” என்பீர்கள். நியாயமான கேள்விதான். அந்தத் தாமதத்தால் நாலு பாத்தி நெல் போகலாம். ஆனால் கோபத்தில் எழுந்தவனையும், வாழ்வு வெறுத்தவனையும் காப்பது அதே தாமதந்தான். எமது நாட்டிலேயே இதைக் கண்டோம். 1995இல் உச்சத்தில் நின்ற தற்கொலைகள், கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின் பாதிக்கு மேல் குறைந்தன. துயரம் குறைந்ததாலல்ல, நஞ்சு கைக்கெட்டாது போனதாலேயே பெரும்பாலும் இப்படி நடந்தது என்பது ஆய்வாளர் கருத்து.

ஆகவே வாசற்படி ஏறுமுன் துவக்கை முறித்துத் தோட்டாவை எடுங்கள். இருட்டில் கண்ணை நம்பாது விரலால் தடவிப் பாருங்கள், இரட்டைக்குழலென்றால் இரண்டையும். துடைத்து எண்ணெய் பூசி, சுவரோடு பிணைத்த இரும்புப் பெட்டியில் பூட்டுங்கள். (மாரியில் துணியுறைக்குள் விட்டால் ஈரம் பிடித்துத் துருவேறும்.) தோட்டாக்களுக்கு வேறு பெட்டி, வேறு பூட்டு. திறப்பு வீட்டில் எங்குமல்ல, உங்கள் உடம்பிலே இருக்கட்டும். ஒளித்துவைத்த இடம் பிள்ளைகளுக்குத் தெரியாதென்பது பெரியோரின் மூடநம்பிக்கை.

அந்தத் தகப்பனின் திறப்பு இப்போது அவர் அரைஞாணில் தொங்குகிறது. மறுநாளே பையன் மாதா படத்துக்குப் பின்னால் தடவிப் பார்த்தானாம்.