பல் விகிதமும் அறத்தின் நடுவும்

நன்மை என்பது எவருக்கும் எவ்விடத்தும் ஒன்றேயா, ஆளுக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறுவதா என்ற கேள்வி எழும்போதெல்லாம், மாறும் என்று ஒப்புக்கொண்டால் அது வெறும் விருப்பு வெறுப்பாகச் சுருங்கிவிடுமே என்ற அச்சமும் கூடவே எழுகிறது. அந்த அச்சத்துக்கு இடமில்லை என்பதற்கு அறவியல் நூல்களுக்கு வெளியிலும் சான்று உண்டு. மலைக்காட்டுப் பாதைகளில் ஓடும் ஏ.டி.வி. என்ற நாற்சக்கர வண்டிக்கு ஸ்ப்ராக்கெட் தேர்ந்தெடுக்கும் வேலை அத்தகைய ஒன்று.

ஸ்ப்ராக்கெட் என்பது செயினைத் தாங்கிச் சுழலும் பல்சக்கரம். எஞ்சினை ஒட்டிச் சிறியது ஒன்றும் பின் ஆக்சிலில் பெரியது ஒன்றும் இருக்கும். பெரியதன் பல் எண்ணிக்கையைச் சிறியதன் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது பல் விகிதம். ஆக்சில் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குச் சிறியது எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதை அது காட்டுகிறது. ஹோண்டா நிறுவனம் 1999இல் விற்பனைக்குக் கொண்டுவந்த டி.ஆர்.எக்ஸ்.400இஎக்ஸ் வண்டியில் முன்னே 15 பல், பின்னே 38 பல், விகிதம் 2.53. முன்னே ஒரு பல்லைக் குறைத்தால் விகிதம் 2.71 ஆகி, இழுவை சுமார் 7 விழுக்காடு கூடும்; கிட்டத்தட்ட அதே அளவுக்கு வேகம் குறையும். எந்த இயந்திரமும் இயற்கையை ஏமாற்றிவிட முடியாது என்று கலிலியோ விளக்கியது இந்தக் கணக்கைத்தான்.

மேற்கு வர்ஜீனியாவில் 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஹாட்ஃபீல்டு–மெக்காய் பாதைகளைப் போன்ற செங்குத்தான மலைத்தடத்தில், முதல் கியரே வேகமாக இருந்தால், ஓட்டுபவர் பாறைகளுக்கிடையே ஊர்ந்து செல்வதற்காக ஆஃப் கிளட்ச் பிடித்தே ஓட்ட வேண்டியிருக்கும். கிளட்ச் தகடு சூடேறித் தேயும், திருப்பத்தில் எஞ்சின் திணறி நின்றும் போகும். இழுவையைக் கூட்டப் பின்னே மூன்று பல் கூட்டுவதும் முன்னே ஒரு பல் குறைப்பதும் ஏறத்தாழ ஒரே பலனைத் தரும் என்றாலும், ஆக்சிலுக்குக் கீழே தாழத் தொங்கும் பின் ஸ்ப்ராக்கெட் பெரிதானால் மரவேரிலும் கல்லிலும் இடிபடும். முன்னது சிறிதானாலோ, செயின் ஒவ்வொரு பல்லிலும் கூடுதலாக மடங்கி விரைவில் தேய்வதோடு, ஓட்டமும் சற்றே அதிரும். இழப்பில்லாத வழி என்று எதுவும் இங்கில்லை.

அறம் நடுவில் நிற்பது என்று ‘நிக்கோமாக்கிய அறவியல்’ நூலில் கூறிய அரிஸ்டாட்டில், அந்த நடு எண்களின் சராசரி அன்று என்பதை மல்லன் மைலோவின் உணவைக் காட்டி விளக்கினார்: பத்து அளவு மிகுதி, இரண்டு அளவு குறைவு என்பதால் ஆறு அளவே எல்லாருக்கும் ஏற்றது என்றாகிவிடாது, மைலோவுக்கு அது போதாது, பயிற்சியைத் தொடங்குபவனுக்கு அது மிகுதி. பல் விகிதத்திலும் இதுவே நிகழ்கிறது. 20 அங்குல டயரைக் கழற்றி 22 அங்குல டயரை மாட்டியவர் அறியாமலே தம் வண்டியின் இழுவையில் பதினொன்றில் ஒரு பங்கை இழந்திருக்கிறார்; அவருக்கு முன்னே 14 பல் மாட்டுவது முன்னேற்றம் அன்று, இழந்ததை ஈடுகட்டவே அது போதாது. ஆளைப் பொறுத்து விடை மாறினாலும், ஒவ்வொருவருக்கும் தவறான விடைகள் இருக்கவே செய்கின்றன, அந்தத் தவறைத் தேய்ந்த கிளட்ச் மெய்ப்பித்தும்விடுகிறது. சார்புடையது வேறு, மனம்போன போக்கு வேறு.

இதைவிட ஆழமான ஒற்றுமை ஒன்று உண்டு. கியரை ஓட்டுபவர் கணந்தோறும் மாற்றுகிறார். ஸ்ப்ராக்கெட்டோ பாதையைக் காணும் முன்பே கொட்டகையில் மாட்டப்படுகிறது, மாட்டிய பிறகு எல்லாக் கியர்களையும் ஒரே விகிதத்தில் சாய்த்துவிடுகிறது. தனிச் செயலுக்கும், பழக்கத்தால் படிந்து எல்லாச் செயல்களையும் சாய்க்கும் மனவியல்புக்கும் அரிஸ்டாட்டில் கண்ட வேறுபாடும் இத்தகையதே. அவ்வியல்பை அவர் ‘ஹெக்சிஸ்’ என்றார். சினம் எளிதில் மூளும் இயல்புடையவர் தருணம் வந்த பிறகு எவ்வளவு கவனமாக நடந்தாலும், தமக்கு வாய்த்த விகிதத்துக்கு உள்ளேயே கியர் மாற்றுகிறார். ஒப்புமை இதற்கு மேல் செல்லாது என்பதும் உண்மை: ஸ்ப்ராக்கெட்டை ஒரு பிற்பகலில் மாற்றிவிடலாம், இயல்பை அப்படி மாற்ற இயலாது.

இவையெல்லாம் திறமையின் விதிகளே, அறத்தின் விதிகள் அல்ல என்று 1785இல் வெளிவந்த தம் அறவியல் நூலின் வழியில் மெய்யியலாளர் காண்ட் மறுக்கக்கூடும். மருத்துவனின் விதியும் நஞ்சிடுபவனின் விதியும் தத்தம் நோக்கத்தை நிறைவேற்றுவதில் சமம் என்றவர் அவர். மறுப்பு நியாயமானதே. தடைசெய்யப்பட்ட சரிவில் ஏறுவதற்கும் அதே 14 பல் உதவும். அங்கே ஏறலாமா என்பதற்குப் பல் விகிதத்தில் விடை இல்லை. ஆனால் நோக்கம் நல்லதாக இருந்தும் வழி அறியாதவரின் நன்மை பாதி வழியில் நின்றுவிடுகிறது என்பதைக் காண்டின் பிரிவினை போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை.

ஆகவே, அனுமதிக்கப்பட்ட மலைப்பாதையில் இந்த ஹோண்டா வண்டியை ஓட்டுபவர் 20 அங்குல டயர் வைத்திருந்தால் 14 பல்லும், 22 அங்குலம் என்றால் 13 பல்லும் முன்னே மாட்டி, பின்னே 38 பல்லையே வைத்துக்கொள்வது தகும். பழைய செயின் நீண்டு தேய்ந்திருந்தால் செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.